மாதா பாட்டைக் களவெடுத்தது யார்?

“களவு! பட்டப்பகல் களவு!”

செபமாலைமுத்து போட்ட சத்தத்தில், பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சனம் அவ்வளவும் கைப்பைகளைத் தடவிப் பார்த்தது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கிளம்பிய புறாக்கள் நாலு ஸ்டேஷன் தள்ளிக் குட்மேய்ஸில் போய்த்தான் இறங்கின.

களவு போனது மெட்டு. இளவயதில் மன்னாரில் யாக்கோப்பு கட்டிய மாதா பாட்டு, லண்டன் தமிழ்ப் பூசையிலும் ஞாயிறு தவறாமல் ஒலிப்பது. இந்த 2009இல் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அதே மெட்டில் இங்கிலீசில் பாட, ரேடியோவைத் திறந்தால் அவன் குரல்தான்.

“கேஸ் போடுங்கோ அண்ணை! அவன் காற்சட்டையையும் உருவவேணும்!” என்றார் செபமாலைமுத்து.

“விடும், பாவம். பெடியன் பிழைச்சுப் போகட்டும்” என்ற யாக்கோப்பு, ஒளிவதற்குத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் இடம் தேடினார். பாங்கு உத்தியோக மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு இம்மாகுலேற் தன்னைக் கட்டியது இந்த மெட்டுக்காகத்தான் என்று நம்பியிருந்தவர் அவர். மெட்டுப் போனால் மனிசி என்ன சொல்வாளோ?

இம்மாகுலேற்றோ பக்கத்தில் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு நின்றாள். கோயிலே அதிரப் பாடுகிறவள், இந்தப் பாட்டு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். பக்தி முற்றிவிட்டது என்று சனம் நினைத்திருந்தது.

இசைத்தட்டுக் கடையில் வேலை செய்யும் கிளறிற்றா முன்னுக்கு வந்தாள். யாக்கோப்பின் பாடகர் குழுத் தலைமையில் அவளுக்குப் பல நாளாய் ஒரு கண்.

“ஆர்மேல கேஸ்? அந்தப் பெடியனும் சொந்தமாய்ப் போடேல்லை. இது பழைய அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு. அண்ணை மெட்டுக் கட்ட முந்தியே றெக்கோட்டு வந்திட்டுது!”

கடித்த பிஸ்கற்றோடு சனம் யாக்கோப்பின் பக்கம் திரும்பியது.

யாக்கோப்பு மனைவியைப் பார்த்தார். நெற்றி வேர்வையில் ஒரு வாளி நிரப்பியிருக்கலாம்.

“இஞ்சரும்... மன்னார்க் கோயில்ல ஒருநாள் என்ரை ஆர்மோனியத்துக்கு மேல ஆரோ ஒரு றெக்கோட்டை வைச்சிட்டுப் போயிருந்தினம். சாமியாற்றை பாட்டுப் பெட்டியில போட்டுக் கேட்டன். இங்கிலீசு ஒண்டும் விளங்கேல்லை. மெட்டு மட்டும் மனசில ஒட்டீட்டுது. சொந்தமெண்டு சொல்லிப்போட்டன்.”

“இங்கிலீசு விளங்கேல்லையோ?” இம்மாகுலேற் இடுப்பில் கை வைத்தாள். “ஒரு சொல்லும்?”

“ஒரு சொல்லும் விளங்கேல்லையப்பா.”

“அறுவாரே! கட்டினா உங்களைத்தான் கட்டுவன் எண்டு நான் அந்த றெக்கோட்டில சொல்லி வைச்சிட்டுப் போனா, அதை மாதாவுக்குப் பாடிப்போட்டியளே!”