ஐந்தாவது ஆள்

இரண்டு, ஒன்பது, பதிமூன்று, பதினெட்டு. பெண்கள் வார்டில் ஒன்றுக்கொன்று எட்டாத இந்த நான்கு கட்டில்களிலும் ஒரே கிருமி. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத கிருமி. ஐந்தாவது ஆளைப் பிடிப்பதற்குள் அது போகும் வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். நர்ஸ் ஜெசிந்தா குழாய், திரைச்சீலை, கட்டில் கம்பி என்று பஞ்சுக் குச்சியால் தடவித் தடவி லேபுக்கு அனுப்பினாள். எதிலும் இல்லை.

“பவுனக்கா, செல்போன் சார்ஜர் எங்க?” என்று ஆறாம் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

“ரெண்டு, ஒம்பது, பதிமூணுன்னு போயி நேத்து பதினெட்டுல கெடந்துச்சுடி. இந்த வார்டுல எந்திரிச்சு நடமாடுறது அது ஒண்ணுதான்!” என்று சிரித்தாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா பவுனு.

ஜெசிந்தா புதுக் குச்சியைப் பிரித்தாள். “இப்ப யார்கிட்ட இருக்கு?”

“நல்லாக் கேட்டீங்க சிஸ்டர். காலையில நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க?”

ஜெசிந்தா அந்தக் குச்சியை மெல்லத் தன் உள்ளங்கையில் தேய்த்தாள்.