பெரியவர் தலையாட்டினார்

நேர்முகத் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த முதல் ஆளின் முகத்தில் ஈயாடவில்லை.

வராண்டாவில் காத்திருந்த மற்ற பத்துப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"கேள்வி ரொம்பக் கஷ்டமா?"

"கேள்வி எல்லாம் சுலபம்தான். நடுவுல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்காரு. என்ன சொன்னாலும் இல்லை இல்லைன்னு தலையை ஆட்டுறாரு."

"தப்பாச் சொல்லியிருப்பீங்க."

"என் பேரைச் சொன்னேன். அதுக்கும் ஆட்டினாரு."

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. இருந்தது ஒரே இடம். முடிவை அன்றைக்கே சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்ததால் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அடுத்துப் போன நெட்டை கொதித்துப் போய் வந்தான்.

"உங்க அப்பா என்ன பண்றாருன்னு டைரக்டர் கேட்டாரு. பஸ் ஓட்டுறாருன்னேன். பெரியவர் இல்லைங்கறாரு. எங்க அப்பாவைப் பத்தி இவருக்கு என்ன தெரியும்?"

கடைசி நாற்காலியில் இருந்த பெண் அக்காவின் கையைப் பிடித்தாள். அவளுக்குத் திக்குவாய். வீட்டில் நன்றாகவே பேசுவாள். எதிரில் இருப்பவர் லேசாக முகம் சுளித்தால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"போ... போயிடலாம்க்கா."

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். உள்ளே போய் உட்காரு. பேச்சு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

அவள் முறை வந்தது. போனாள். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. நெட்டை அதில் முகத்தை வைத்துக்கொண்டான்.

உள்ளே பெரியவருக்கு ஒரு பக்கம் டைரக்டர், மறுபக்கம் ஒரு அதிகாரி அம்மா. டைரக்டர் அவள் பெயரைக் கேட்டார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். பெரியவரின் தலை இடமும் வலமும் ஆடியது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து பையைக் கையில் எடுத்துவிட்டாள்.

பெரியவர் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டார். இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார். கழுத்தை விறைத்துக்கொண்டு, மேலும் கீழுமாக ஒருமுறை தலையாட்டினார்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரைச் சொன்னாள். பெரியவர் மறுபடி தலையாட்டினார்.

"குழாய்த் தண்ணியில கிருமி இருக்கான்னு பார்க்கணும். பாட்டில்ல தண்ணி பிடிக்கறதுக்கு முன்னாடி என்னம்மா செய்வே?" என்று கேட்டார் டைரக்டர்.

"பா... பாட்டிலைக் கழுவக் கூடாது சார்."

பெரியவர் தலையாட்டினார்.

"அது ஏற்கெனவே சு... சுத்தம் பண்ணி மூடி வச்ச பாட்டில். கழுவினா நாமளே கிருமியைச் சேர்த்துடுவோம்."

அதற்கும் தலையாட்டினார்.

பத்து நிமிஷம் அப்படியே போனது. போகப் போக அவள் திக்குவது குறைந்தது. பெரியவரின் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

வெளியே நெட்டை கண்ணாடியிலிருந்து திரும்பினான்.

"நமக்கெல்லாம் இல்லை. இவளுக்கு மட்டும் ஆமா. வரிக்கு வரி ஆட்டுறாரு."

"சொந்தக்காரரா இருப்பாரு," என்றார் இன்னொருத்தர்.

"நாங்க அவரை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லைங்க," என்றாள் அக்கா.

"வேற எப்படிச் சொல்லுவீங்க?"



அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. வேலை அந்தப் பெண்ணுக்குத்தான். அவளை உள்ளே கூப்பிட்டுப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். நெட்டை நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நேராக டைரக்டர் முன்னால் போய் நின்றான். என்ன ஆகுமோ என்று அக்காவும் பின்னாலேயே போனாள்.

"சார், இது நியாயமில்லை. பெரியவர் அந்தப் பொண்ணுக்கு மட்டும் தலையாட்டினாரு. கண்ணால பார்த்தோம்."

"அவர் மார்க்கே போடலைப்பா. கேள்வி தயார் பண்ணிக் கொடுத்தாரு, கூட உட்கார்ந்தாரு, அவ்வளவுதான். மார்க் போட்டது நானும் இந்த அம்மாவும். பாட்டில் கேள்விக்கு நீ என்ன சொன்னே?"

"நல்லாக் கழுவணும்னேன்."

"பதினோரு பேர்ல பத்துப் பேர் கழுவிட்டீங்க."

நெட்டையின் குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"சரி சார், எங்க பதில் தப்பாவே இருக்கட்டும். பேரைச் சொன்னதுக்கெல்லாம் எதுக்கு இல்லைன்னு ஆட்டணும்? அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்பு. அவருக்கு நரம்புக் கோளாறு. நாலு வருஷமா அந்தத் தலை இப்படித்தான், இடமும் வலமும். அவராலேயே நிறுத்த முடியாது. பழகிப்போச்சு, எங்களுக்கும் கண்ணுல படறதில்லை. அந்தப் பொண்ணு பையைத் தூக்கின பிறகுதான், தன் தலையைப் பார்த்து பயப்படறான்னு அவருக்கே உறைச்சுது."

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. பெரியவர் பிடரியை இரண்டு கையாலும் பிடித்தபடி பெஞ்சில் படுத்திருந்தார். உதவிக்கு வந்த ஆள் கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

நெட்டை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ எங்களுக்கு..."

"உங்களுக்கெல்லாம் அது ஆடுச்சு," என்றார் டைரக்டர். "அந்தப் பொண்ணுக்குத்தான் அவர் ஆட்டினாரு."