மூக்கில் இருந்த கண்ணாடி

பாலத்தின் நடுவில் நின்று அவர் கைப்பிடிச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

பதினான்கு நாளாக இதே வேலை. மூன்று நாடு, ஐந்து ஊர். எல்லா ஊரையும் நடந்தேதான் பார்த்தார்கள். மற்றவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் இவர் குனிந்து அதன் அடிக்கல்லைப் பார்ப்பார். எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால் போதும், தெருவைத் தாண்டிப் போய் நின்றுவிடுவார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன பதினாறு, தலையில சுமை இல்லாம நடந்தா கால் வலிக்குதா?"

மற்ற சித்தாள்கள் பன்னிரண்டு செங்கல் தூக்கிய காலத்தில் அவள் பதினாறு தூக்கினாள். சாரத்தின் மேலிருந்து அதை எண்ணிய கொத்தனார்தான் பிறகு அவளைக் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் அவள் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"நீங்க ஆத்தைப் பாருங்க மேஸ்திரி. மூக்குல கண்ணாடி இருக்கா, இல்ல அதைத் தேட ஊருக்குப் போகணுமா?"

ஊர் ஊராக அவர்களோடு வந்த கேலி அது.

புறப்பட்ட அன்று அவள் தன் கையால் வீட்டைப் பூட்டினாள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு முன்சீட்டிலிருந்த அவர், கண்ணாடியை விட்டுவிட்டேன் என்று இறங்கினார். பின்சீட்டிலிருந்து அவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நானும் தேடுகிறேன் என்று மகனும் கூடவே போனான். கால்மணி நேரம் கழித்து இருவரும் வெறுங்கையோடு வந்தார்கள். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகன் அவளைவிட அதிகமாகச் சிரித்தான்.

மகன்தான் இந்தப் பயணத்துக்கு அனுப்பிவைத்தான். அவன் அடுக்குமாடி கட்டி விற்கிறவன். வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பலாம் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "என் தலைமேல ஏறாம ஒரு செங்கல் இந்த வீட்டுக்குள்ள வந்திருந்தா, அதை மட்டும் எடுத்துக்கோ."

மேஸ்திரி அவள் பக்கம்தான் நின்றார். அம்மா சொல்வதுதான் முடிவு என்றார். அதோடு மகனும் வாயை மூடிக்கொண்டான். அடுத்த மாதம் டிக்கெட்டோடு வந்தான். இருபத்தொரு நாள், சுமந்தது போதும், நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றான். பிள்ளை மனசு மாறிவிட்டது என்று அவள் நம்பினாள்.

போன் அடித்தது. அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"பாலத்து மேல. உங்கப்பா செவுத்தைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. நீ எங்கடா?"

"ஆபீஸ்லம்மா. இன்னும் ஏழு நாள் இருக்குல்ல, அவசரப்படாம பாருங்க."

அவன் குரல் எதிரொலியோடு சுற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலும் பீரோவும் கொடியில் துணியும் இருக்கிற அறை, பேச்சைப் பாதி விழுங்கிவிடும். காலி அறை ஒரு சொல்லையும் விழுங்காது. சுண்ணாம்பு காயாத எத்தனையோ காலி அறைகளில் அவள் சோறு தின்றிருக்கிறாள்.

அப்போது போனுக்குள் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் தரையை உரசியது. பாதியில் நின்றது. பிறகு கிறீச்சென்று ஒரே இழுப்பில் போனது. கொத்தனார் தச்சு வேலை பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று முப்பது வருடமாக அவள் குத்திக்காட்டிய கதவு. மேஸ்திரி தன் கையால் மாட்டிய நடு அறைக் கதவு.

அடுத்து சம்மட்டி விழுந்தது. செங்கல் உடைந்து, காரை பொலபொலவென்று கொட்டியது.

"பக்கத்து பில்டிங்ல வேலை நடக்குதும்மா," என்றான்.

அவள் போனை அணைத்தாள்.

திரும்பி அவரைப் பார்த்தாள். ஐந்து ஊரில் ஐம்பது தடவை சுத்தியல் சத்தத்துக்குத் தெரு தாண்டிய மனிதர், இந்தச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஆற்றில் போகிற படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. பதினான்கு நாளும் படுக்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்ட சாவி.

"உங்க சாவி எங்க மேஸ்திரி?"

சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். எப்போதும் சாவியை வைக்கிற, தோளில் தொங்கிய பையை மட்டும் அவர் திறக்கவே இல்லை.

பாலத்தில் யாரோ ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் காலால் துழாவிச் செருப்பை மாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு உள்ள போனது கண்ணாடிக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.