காகிதத்தில் வெட்டிய எழுத்து

புகைப்படக்காரனைப் பார்க்க வந்த வீட்டில் அவனுடைய அக்கா மேசைமேல் குனிந்து, வெள்ளை அட்டையில் ஒரு 'ஞ'வை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வளைவில் பிளேடு திரும்பும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறாள். வெட்டியதை ஜன்னலருகே நிமிர்த்தி வைக்கிறாள். காலை வெயிலில் அதன் நிழல் சுவரில் நீண்டு வேறோர் எழுத்தாகிறது. தம்பி எடுத்த படங்களில் இருந்த இந்த நிழலைத்தான் அவனுடைய கண்டுபிடிப்பு என்று பத்திரிகையில் வியந்து எழுதினேன். புதுக் கலைஞர்களைத் தேடிப்பிடித்து அறிமுகப்படுத்துவது என் வேலை. படத்தில் இருக்கும் எழுத்தைச் செய்தது யார் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி குளிக்கிறான், உக்காருங்க சார்" என்கிறாள். அவள் விரல் நுனிகளில் பிளாஸ்திரி. "'வெளிச்சத்தால எழுத்து செதுக்குறான்'னு எழுதியிருந்தீங்களே, செதுக்கின கைய காட்டுடான்னு கேட்டேன். ஒரு கீறல்கூட இல்ல." அவள் சிரிக்கிறாள். நானும் சிரிக்கப் பார்க்கிறேன். "உண்மைய சொல்லலாம்னுதான் இருந்தான். நீங்க அப்படிப் புகழ்ந்ததும் வாயடைச்சுப் போயிட்டான்." அட்டைத் துணுக்குகளை உள்ளங்கையால் ஒதுக்கியபடி, நிமிராமலே கேட்கிறாள்: "அவன் படமெல்லாம் உங்க கட்டுரையோட புஸ்தகமா வருதாமே, அச்சுக்குப் போயிடுச்சா? இல்லேன்னா என் பேரையும் ஓரமா போடுங்க சார்."

நாளை மதியம்தான் போகிறது. ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பதையும் அந்த வரி சொல்லிவிடும்.

"போயிடுச்சும்மா" என்கிறேன்.

"பரவால்ல சார்."

நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கண்ணில் வெயில் அடிக்கிறது என்று நினைத்து, அவள் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடுகிறாள்.