பதினொரு பேய்ப்படங்கள்

மாடிப்படியில் நின்ற பேய் கத்தியை ஓங்கியபோதும் இம்மாகுலேற்றின் இமை அசையவில்லை. சோபாவின் நுனியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்து, நேர்முகத்துக்கு வந்தவள்போல நிமிர்ந்து இருந்தாள்.

பக்கத்தில் கௌரியின் மகள் லக்சிகா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீல் என்று கத்தினாள். சாப்பாட்டுக் கடையில் பகல் வேலையை முடித்து, பாதிப் பூசணிக்காயும் கையுமாக வந்த கௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது எத்தினையாவது?”

“ஏழாவது, அம்மா. ஹலோவீனுக்குப் பார்க்கவெண்டு பதினொரு படம் எழுதி வைச்சிருக்கிறன். இன்னும் நாலு கிடக்கு.” லக்சிகா பூசணிக்காயைக் கண்டாள். “ஓ நோன்! முழுக்காய் எல்லே கேட்டனான்? முகம் வெட்டவேணும்.”

“இது கறிக்கு. முகம் வேணுமெண்டால் கண்ணாடியைப் பார்.”

கௌரிக்கு மகள்மேல் கோபமில்லை. பள்ளிக்கூட விடுமுறை, பதினைந்து வயது, பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் இம்மாகுலேற்? வியாழக்கிழமை காலை அவளுடைய அகதி வழக்கு மேல்முறையீட்டுக்கு வருகிறது. முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். இதுவும் தவறினால் நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதம்தான். ஊருக்குத் திரும்பிப் போனால் வாசலில் நின்று வா என்று கூப்பிட அங்கே அவளுக்கு ஒரு ஆளும் மிச்சமில்லை.

ஒன்றரை வருடமாக இந்தச் சோபாதான் அவளுக்குப் படுக்கை. கௌரி வேலை செய்யும் கடையிலேயே கோப்பை கழுவுகிறாள்.

பிரெஞ்சில் வந்த நிராகரிப்புக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னது லக்சிகாதான். “அன்ரி சொன்ன விதம் நம்புற மாதிரி இல்லையாம்,” என்றாள். திகதிகள் பிசகிவிட்டன என்று கௌரி விளங்கிக்கொண்டாள். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அகதிக் கேஸ் கொடுத்த எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தாள்.

அந்தக் கொப்பி இப்போது மேசையில், ஆறிப்போன தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

“அந்த இடத்தைத் திருப்பி ஒருக்கால் போடு, லக்சிகா,” என்றாள் இம்மாகுலேற்.

மறுபடியும் பேய் வந்தது. இம்மாகுலேற் பேயைப் பார்க்கவில்லை. படிக்குக் கீழே சுவரோடு ஒட்டி, ஒரு கையால் தொண்டையைப் பொத்திக்கொண்டு நடுங்கிய பெண்ணையே பார்த்தாள். “நிப்பாட்டு. இன்னொருக்கால்.”

கௌரிக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறென்று போய்த் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினாள்.

“மே அம்மா!” பிரெஞ்சும் தமிழுமாகக் கத்தினாள் லக்சிகா. “நாங்கள் சும்மா பார்க்கேல்லை...”

“வாயை மூடு. உனக்கு இஞ்சத்தைப் பாஸ்போட் கிடக்கு, நீ பேயும் பார்க்கலாம், பிசாசும் பார்க்கலாம். இந்தப் பிள்ளையிட்டை என்ன கிடக்கு?” கௌரி மற்றவள் பக்கம் திரும்பினாள். “இம்மா, இன்னும் மூண்டே நாள். பேயைக் கண்டும் பயமில்லை, வியாழக்கிழமையை நினைச்சும் பயமில்லையே உனக்கு?”

“பேய் ஒண்டும் செய்யாதுதானே, அக்கா.”

“வாய்க்குக் குறைச்சலில்லை. அப்ப சொல்லு பாப்பம். நான்தான் நீதவான். உன்ரை அண்ணை வீட்டாருக்கு என்ன நடந்தது?”

இம்மாகுலேற் சொன்னாள். ரயிலில் அடுத்த நிலையத்தை அறிவிக்கும் குரல்போல, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“ரண்டாயிரத்து ஒன்பது, ஏப்ரல் இருபத்தெட்டு. விடிய ஆறரை மணி. பங்கருக்கு மேலை செல் விழுந்து வெடிச்சது. உள்ளுக்கை அண்ணை, அண்ணி, அவையின்ரை மகன். நான் வாசலுக்குக் கிட்ட இருந்தனான். மண் மூடிப்போட்டுது. என்னை வெளியிலை எடுக்க ரண்டு நாள் பிடிச்சுது.” அதே குரலில் தொடர்ந்தாள். “மண்ணுக்குள்ளை, முதல் நாள் பின்னேரம்வரைக்கும் சின்னவன் என்னோடை கதைச்சுக்கொண்டிருந்தவன்.”

ஒரு திகதியும் பிசகவில்லை. கடைசி வசனம் மட்டும் கொப்பியில் இல்லாதது. பிடுங்கிய வயர் கௌரியின் கையில் அப்படியே நின்றது.

அப்போதுதான் இம்மாகுலேற்றின் கண்கள் மெல்ல அகன்றன. கீழுதடு துடித்தது. ஒரு கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. மூச்சு பாதியில் சிக்கி, உடம்பு முழுவதும் உதறி, வாயிலிருந்து ஒரு கேவல் வெடித்தது.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது கௌரி கண்டதில்லை. வயரும் பூசணிக்காயும் போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய் அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“அழு, என்ரை பிள்ளை. நல்லா அழு. எவ்வளவு நாளைக்கெண்டு உள்ளுக்கை வைச்சிருப்பாய்?” கௌரியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. லக்சிகா மட்டும் அசையாமல் இம்மாகுலேற்றின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

கௌரியின் தோளுக்கு மேலால், அதே ரயில் குரல் கேட்டது.

“இந்தமுறை சரியாப் பயந்தனானே, லக்சிகா?”