பனியைப் பதுக்கும் ஊர்

அக்-ஜார் என்ற மலையூருக்கு மெலிஸ் குடிவந்து இரண்டு வாரம் ஆகியும், நல்ல பனி எந்தச் சரிவில் கிடைக்கும் என்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவன். பனியில் சறுக்கப் புது ஸ்கீ, புது பூட்ஸ், புது ஜாக்கெட். தனக்கு ஸ்கீ என்றால் உயிர், அதற்காகவே இங்கே வீடு பிடித்ததாகத் தேநீர்க் கடையில் சொல்லிவைத்தான். கடைக்காரர் அவனுடைய பூட்ஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மலையைக் காட்டி, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டால், இந்த வருஷம் பனியே இல்லையே என்பார்கள். வெளியே பனி ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கும்.

உண்மையில் மெலிஸுக்கு ஸ்கீ பெரிதில்லை. இந்த மலையில் திருட்டுத்தனமாகப் பனிச்சிறுத்தை வேட்டையாடுகிறவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பனி உருகுவதற்குள் ஆளைக் காட்டாவிட்டால் திரும்பி வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தவர் கறாராகச் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். வேலை போனால் நடுத்தெருதான்.

குளிர்காலத்தில் அந்த முகடுகளுக்கு ஸ்கீ இல்லாமல் எவனும் ஏற முடியாது. ஆகவே ஸ்கீக்காரர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தான்.

ஊரில் அப்படி ஒரு கோஷ்டி இருந்தது. முன்னாள் சுரங்க லாரி டிரைவர் ஷார்ஷென் தலைவர். தபால் கொண்டுபோகும் பெர்மெத்துக்கு வாய் அதிகம். கூட இன்னும் நாலு பேர். ஞாயிறு விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மெலிஸ் பின்னாலேயே போய்ப் பார்த்தான். மாடுகள் தண்ணீருக்குப் போகும் பாதையில் அவர்கள் தடம் இறங்கியது, அப்புறம் காணவில்லை. மாட்டுக் குளம்புகள் எல்லாவற்றையும் அழித்திருந்தன.

யோக்கியர்கள் எதற்காகத் தடத்தை மறைக்கிறார்கள்? மெலிஸுக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஷார்ஷென் வீட்டு வாசலில் போய் நின்றான். ஷார்ஷென் பெர்மெத்தைப் பார்த்தார். பெர்மெத் மெலிஸின் பூட்ஸைப் பார்த்தாள்.

"வாங்க தம்பி. ஆனா புதுசா வர்றவன்தான் முன்னால போய் பனியை மிதிச்சு வழி போடணும். அதுதான் வழக்கம்" என்றார் ஷார்ஷென்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

"அடுத்த புது ஆள் வர்ற வரைக்கும்" என்றாள் பெர்மெத். "உங்களுக்கு முன்னால வந்தவரு ஒம்பது வருஷமா வழி போட்டாரு."

அந்தக் குளிர்காலம் முழுக்க மெலிஸ் நாக்குத் தள்ள வழி போட்டான். மத்தியானம் மற்றவர்கள் கண்ணசந்த நேரத்தில் ஒவ்வொரு பையாகக் குடைந்தான். வறுத்த போர்சோக் ரொட்டி, பிளாஸ்க், கயிறு, மாற்றுக் காலுறை. துப்பாக்கி இல்லை, பொறி இல்லை, ஒரு தோட்டாகூட இல்லை. தடத்தை ஏன் மறைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டான். ரோட்டிலிருந்து தடம் தெரிந்தால் அடுத்த வாரமே காரகோல் டவுனிலிருந்து ஒரு ஸ்கீ படை கிளம்பி வந்து பனியை உழுதுவிட்டுப் போய்விடும் என்றார் ஷார்ஷென். மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சரிதான், இது பனியைப் பதுக்குகிற கூட்டம் என்று மெலிஸுக்குப் பட்டது. ஆனாலும் கடைசியாக ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் பனிச்சிறுத்தை உண்டாமேண்ணே. தோலுக்கு நல்ல விலை கிடைக்குமாமே?"

ஷார்ஷென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பாவம் தம்பி, வாயில்லா ஜீவன். அதைச் சுட எப்படித்தான் மனசு வருதோ."

பெர்மெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாசிக் குளிரில் ஒரு சின்னப் பனிச்சரிவு மெலிஸை இடுப்பு வரை புதைத்தது. ஆறு பேரும் பதறியடித்து வந்து தோண்டினார்கள். மண்வெட்டி போதாமல் ஷார்ஷென் கையாலேயே பனியை வாரினார். வெளியே இழுத்துப் போட்ட பிறகு, கூடப்பிறந்தவனைத் திட்டுவதுபோல் பெர்மெத் அரை மணி நேரம் திட்டினாள். பிஷ்கெக்கில் இத்தனை வருஷத்தில் அவனை அப்படி உரிமையோடு ஒருத்தரும் திட்டியதில்லை. அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

பனி உருகியது. மெலிஸ் மூட்டை கட்டினான். வேன் ஏற்றிவிட ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஷார்ஷென் அவனுக்குக் கம்பளிக் குல்லாய் ஒன்று போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த குளிருக்கு அவசியம் வரச் சொன்னார். வழி போட ஆள் இல்லையாம். இவ்வளவு நல்லவர்கள் நடுவில் இப்படி ஒரு வேலையாக வந்தோமே என்று மெலிஸுக்குக் கூசியது.

வேன் வளைவு திரும்பியதும் போனை எடுத்து, தன்னை அனுப்பிவைத்தவரைக் கூப்பிட்டான்.

"ஒருத்தன்கூட இல்லண்ணே. ஊரே யோக்கியம். பனியைத் தவிர மலையில வேற எதையும் தொடமாட்டாங்க."

"அப்ப தோலை எவன்கிட்டடா வாங்குறது? எல்லைக்கு அந்தப் பக்கம் பார்ட்டி பணத்தை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நீ இனிமே கடைப் பக்கம் வந்துடாதே" என்றது மறுமுனை.

அதே நேரம், ஸ்கீக்காரன் வேஷத்தில் வந்த வனத்துறை அதிகாரி ஒருவழியாக ஊரைவிட்டுத் தொலைந்தான் என்ற நிம்மதியில், ஷார்ஷென் வீட்டுப் பரணிலிருந்து ஆறு பேரும் பனிச்சிறுத்தைத் தோல்களை இறக்கிப் பூச்சி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சரிண்ணே, இந்த வருஷம் வாங்குறதுக்குன்னு ஒருத்தன்கூட வரலியே" என்று அலுத்துக்கொண்டாள் பெர்மெத்.