காற்றுப் போன சக்கரம்

"நீங்க போங்க தம்பி. மோட்டார் சைக்கிள் ஓரமா போயிடும்லா. இந்தச் சக்கரத்த நானே மாத்திக்குவேன்."

ரிங்லெட் ஊரைத் தாண்டி, தேயிலைச் சரிவின் வளைவில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. முன் சக்கரம் தரையோடு சப்பையாகக் கிடந்தது. ரப்பர் பூட்ஸும் கைலியுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

நாகப்பன் தன் வெள்ளைச் சட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டான். இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. பெருமூச்சு விட்டு, ஹோண்டாவை ஓரங்கட்டினான்.

"மழை பேஞ்ச மண்ணு. ஜாக்கி புதைஞ்சிடும்மா. பலகை ஏதும் இருக்கா?"

"டிரெய்லர்ல கெடக்கு. வேற சக்கரமும் அங்கதான்."

பின் சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்தான். ஜாக்கி வைக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும் என்று ஸ்பானரின் மேல் ஏறி மிதித்தான். நட்டு சட்டென்று இளக, கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான்.

"ஐயையோ! எங்க தம்பி இவ்வளவு சோக்கா கெளம்புனீங்க?"

"பொண்ணு பாக்க." வெட்கத்தோடு சிரித்தான். "அம்மாவும் மாமாவும் முன்னாலயே போயிட்டாங்க. போட்டோவப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கலம்மா."

"இந்தக் கோலத்துல போனா வேணாம்னுடுவாங்களே!"

நாகப்பன் சேறு அப்பிய சட்டையைக் குனிந்து பார்த்தான். ஆனாலும் ஸ்பானரை விடவில்லை.

"சொன்னா சொல்லட்டும். உங்கள நடுரோட்டுல விட்டுட்டு அங்க போயி எப்படிம்மா கேசரி திங்கிறது?"

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். இருவருமாகச் சக்கரத்தைத் தூக்கி மாட்டினார்கள். எதிரெதிர் நட்டாகப் பார்த்து முறுக்கி முடித்தவன், கழற்றிய சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"ஆணியக் காணோம், கிழிசலும் இல்ல. காத்து எப்படிம்மா போச்சு?"

அவள் இடுப்பு மடிப்பிலிருந்து சின்ன வால்வு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நாந்தான் புடுங்குனேன். என் மகளப் பாக்க இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் ஹார்ன் அடிச்சிட்டுப் போயிட்டானுங்க. வாங்க மாப்பிள்ளை, நம்ம வீட்டுக்குப் போலாம்!"